மூன்று எஃப்டி போட்டால் பதினைந்து லட்சத்துக்குக் காப்பீடு கிடைக்குமா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று: அப்பா ஓய்வுபெற்றபோது வந்த 18 லட்சத்தை உங்கள் ஊர் நகரக் கூட்டுறவு வங்கியில் ஆறாறு லட்சமாக மூன்று எஃப்டி போட்டிருக்கிறார், ஒவ்வொரு எஃப்டிக்கும் ஐந்து லட்சம் காப்பீடு உண்டு என்று கவுன்டரில் சொன்னார்களாம், அது சரியா? இன்னொன்று, சற்றுக் கோபத்தோடு கேட்டிருக்கிறீர்கள்: ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, காப்பீட்டு ஆணையம் என்று இத்தனை அமைப்புகள் இருக்கின்றன, ஆய்வறிக்கைகளும் வந்துகொண்டே இருக்கின்றன, ஆனாலும் ஜனங்கள் ஏமாறுவது நிற்கவில்லை, அப்படியென்றால் இந்த விதிகள் யாரைக் காப்பாற்றுகின்றன?

முதல் கேள்விக்குப் பதில்: சரியில்லை. கவுன்டரில் உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. பாதுகாப்பு இருக்கிறது, அது வெறும் காகிதத்திலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு விதியும் ஒரு குறிப்பிட்ட வேலிக்குள், ஒரு குறிப்பிட்ட தொகை வரை, ஒரு குறிப்பிட்ட கெடுவுக்குள்தான் வேலை செய்யும். பணத்தை இழந்தவர்களில் பலர் வேலிக்கு வெளியே இருந்திருப்பார்கள். அல்லது உள்ளே இருந்தும் கெடுவைத் தவறவிட்டிருப்பார்கள்.

அப்பாவின் பணத்திலிருந்து தொடங்குகிறேன். வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தருவது டிஐசிஜிசி, ரிசர்வ் வங்கிக்கு முழுவதும் சொந்தமான கழகம். 1993 முதல் ஒரு லட்சமாக இருந்த வரம்பை 2020 பிப்ரவரி 4 முதல் ஐந்து லட்சமாக்கினார்கள். இந்த ஐந்து லட்சம் ஒரு எஃப்டிக்கு அல்ல, ஒரு ரசீதுக்கு அல்ல, ஒரு கிளைக்கும் அல்ல. ஒரு வங்கியில், ஒரே தகுதியில், ஒருவருக்கு உள்ள சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, ஆர்டி, எஃப்டி எல்லாவற்றையும் எல்லாக் கிளைகளிலும் சேர்த்துக் கூட்டி, அசலும் வட்டியுமாக ஐந்து லட்சம் வரை. அதனால் 18 லட்சத்தில் அப்பாவுக்குக் காப்பீடு உள்ளது ஐந்து லட்சத்துக்கு மட்டுமே. மீதி 13 லட்சம் வங்கியின் ஆரோக்கியத்தை நம்பி இருக்கிறது. நாமினி போட்டிருப்பதால் இந்த வரம்பு கூடாது.

"ஒரே தகுதியில்" என்ற சொற்களில்தான் சட்டப்படியான ஒரு வழி இருக்கிறது. அப்பா பெயரில் தனியாக உள்ளது ஒரு கணக்கு. அம்மா பெயரில் தனியாக உள்ளது இன்னொன்று. இருவரும் சேர்ந்த கூட்டுக் கணக்கு மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஐந்து லட்சம் உண்டு. கூட்டுக் கணக்கில் பெயர் வரிசை மாறினால், அதாவது ஒன்றில் அப்பா முதலிலும் மற்றொன்றில் அம்மா முதலிலும் இருந்தால், அவையும் தனித்தனியாகவே கணக்கிடப்படும். இன்னும் எளிய வழி, வேறு வேறு வங்கிகளில் பிரித்துப் போடுவது. அப்படிப் பிரிக்கும்போது சரியாக ஐந்து லட்சம் போட்டால், சேரும் வட்டி முழுவதும் வரம்புக்கு வெளியே போய்விடும். வட்டியை அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் ஐந்தாண்டு எஃப்டியில், 7% வட்டி காலாண்டுக்கு ஒருமுறை சேர்ந்தால், மூன்றரை லட்சம் முடிவில் ஏறத்தாழ 4.95 லட்சமாகிவிடும். ஆகவே அந்த வகையில் ஒரு வங்கிக்கு மூன்றரை லட்சத்தோடு நிறுத்துவது நல்லது. வட்டியை மாதாமாதமோ காலாண்டுதோறுமோ வெளியே எடுப்பதாக இருந்தால் 4.8 லட்சம் வரை போடலாம், அந்த வட்டி போய்ச் சேரும் சேமிப்புக் கணக்கு அதே வங்கியில் இல்லாதவரை. அதே வங்கியில் அப்பாவுக்குக் கடன் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்த விதிகள் எப்படி வந்தன என்று பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்த பெருங்கடனை ஆயிரக்கணக்கான பொய்க் கணக்குகளுக்குள் அந்த வங்கி மறைத்து வைத்திருந்தது. வாடிக்கையாளர்கள் முதலில் எடுக்க முடிந்தது வெறும் ஆயிரம் ரூபாய். அன்றைய சட்டப்படி, வங்கியின் உரிமம் ரத்தாகிக் கலைக்கப்பட்டாலோ இணைப்புத் திட்டம் வந்தாலோதான் காப்பீட்டுப் பணம் வரும். வெறும் தடை உத்தரவுக்கு வராது. மருத்துவச் செலவுக்குக்கூடத் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் மக்கள் காத்திருந்தார்கள். 2020-ல் கூட்டுறவு வங்கிகள் மீது ரிசர்வ் வங்கிக்குக் கூடுதல் அதிகாரம் தந்து சட்டம் திருத்தப்பட்டது. 2021-ல் இன்னொரு திருத்தம் வந்தது: தடை உத்தரவு போட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் காப்பீட்டுத் தொகை வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் 45 நாட்களில் வங்கி பட்டியல் தரும், அடுத்த 45 நாட்களில் டிஐசிஜிசி சரிபார்த்துப் பணம் அனுப்பும். அந்த வங்கி 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைக்கப்பட்டது. வரம்புக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மீதிப் பணத்தைப் பத்தாண்டு வரை நீளும் தவணைகளில்தான் தருவதாகத் திட்டம்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பர் 17-ல் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை; பத்தே நாளில் டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைப்பு. வைப்பு வைத்திருந்த யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் அதே வங்கியின் பங்குகளை வைத்திருந்தவர்களின் முதலீடு முழுவதும் பூஜ்யமாக்கப்பட்டது. அதன் சில கடன் பத்திரங்களில் போட்ட 318 கோடியும் போயிற்று. ஒரே வங்கி, ஒரே வாரம். எந்தக் காகிதத்தை வைத்திருந்தீர்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. பழக்கப்பட்ட வங்கி என்பதற்காக அதன் பங்கையோ பத்திரத்தையோ எஃப்டி போல நினைத்து வாங்கும் பெரியவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வேலிக்கு வெளியே என்னென்ன இருக்கின்றன? தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட வைப்புக்கு டிஐசிஜிசி காப்பீடு கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்கள், "நிதி" என்று பெயர் வைத்து உறுப்பினர்களிடம் மட்டும் வைப்பு வாங்கும் நிறுவனங்கள், வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் கிடையாது. "கூட்டுறவு" என்ற சொல்லைப் பார்த்துத் திருப்தி அடையாமல், பெயர்ப் பலகையில் "வங்கி" என்று இருக்கிறதா, டிஐசிஜிசி பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அஞ்சலகச் சேமிப்பு இந்தக் காப்பீட்டில் சேராது, ஆனால் அதற்குப் பின்னால் மத்திய அரசே நிற்கிறது. அங்கே ஐந்து லட்ச வரம்பு என்ற பேச்சே இல்லை.

கூடுதல் வட்டி தருவதாக யாராவது வந்தால், இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பொதுமக்களிடம் வைப்பு வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனம்கூட ஆண்டுக்கு 12.5% வட்டிக்கு மேல் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு. காலமும் 12 மாதத்துக்குக் குறையாமல் 60 மாதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். எனவே "மாதம் 2%" என்று ஒருவர் வைப்புக் கேட்டால், அது நல்ல நிறுவனமா கெட்ட நிறுவனமா என்று ஆராய்வதற்கு எதுவும் மிச்சமில்லை; வாயைத் திறந்தபோதே விதியை மீறிவிட்டார். ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டுவார்கள். பதிவு வேறு, வைப்பு வாங்கும் அனுமதி வேறு. அனுமதி பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் தனியாக இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் "சசேத்" இணையதளத்தில் பார்த்து அங்கேயே புகாரும் தரலாம்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்களுக்குத் தமிழ்நாட்டில் 1997-ன் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நாடு முழுவதற்கும் 2019-ன் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போடும், சொத்தை முடக்கும், சிறப்பு நீதிமன்றம் விற்றுப் பிரித்துக் கொடுக்கும். இது மெதுவாக நடக்கும் வேலை. கிடைப்பதும் முடக்கிய சொத்தின் அளவைப் பொறுத்த ஒரு பங்குதான். அதனால் தாமதிக்காமல் புகார் கொடுத்து, ரசீதையும் வங்கிப் பரிமாற்ற விவரத்தையும் பதிவில் ஏற்றிவிடுவது முக்கியம். "புகார் கொடுத்தால் பணம் வராது" என்று முகவர் சொல்வதை நம்பிக் காத்திருப்பவர்கள்தான் கடைசியில் மிகவும் பாதிக்கப்படுகிறார்கள். சீட்டுக்கு 1982-ன் தனிச் சட்டம் உண்டு: பதிவான சீட்டில் நடத்துபவர் சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தைப் பிணையாக வைத்திருக்க வேண்டும், கமிஷன் 7% தாண்டக் கூடாது. பதிவாகாத சீட்டில் இவை எதுவும் இல்லை.

அடுத்தது, கணக்கிலிருந்து பணம் திருடு போவது. கெடு மிகக் கடுமையாக வேலை செய்யும் இடம் இதுதான். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை மூன்று நிலைகளைப் பிரிக்கிறது. தவறு வங்கியுடையது என்றால் உங்கள் பொறுப்பு பூஜ்யம், நீங்கள் சொன்னாலும் சொல்லாவிட்டாலும். தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் எங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய், குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய் உங்கள் தலையில். ஏழு நாள் கடந்தால் அந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அது. தவறு உங்களுடையது, அதாவது ஓடிபியையோ பின் எண்ணையோ கொடுத்துவிட்டீர்கள் என்றால், புகார் சொல்லும் வரை போன பணம் முழுவதும் உங்கள் நட்டம்; சொன்ன பிறகு போவது வங்கியின் நட்டம். ஓடிபி கொடுத்தவரும் "என் தப்புதானே" என்று வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இந்தக் கடைசி வரி. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே. முதல் இரண்டு நிலைகளில், சொன்ன பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த நாட்களையும் தொகைகளையும் அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால் புகார் எழுதும் அன்று நடப்பு விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கி அதிகாரி போலவோ போலீஸ் போலவோ பேசி மிரட்டி, நீங்களே யுபிஐயில் அனுப்பும்படி செய்துவிட்டால், இந்தச் சுற்றறிக்கை பெரும்பாலும் உதவாது. ஏனென்றால் கட்டளை கொடுத்தது நீங்கள். அங்கே உதவுவது வேகம் ஒன்றுதான். உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்து, பரிமாற்ற எண், தொகை, நேரம் மூன்றையும் சொல்ல வேண்டும். மோசடிக்காரர்கள் பிறரிடம் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகளுக்குப் பணம் அடுத்தடுத்துத் தாவிப் பணமாக எடுக்கப்படுவதற்குள் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்க முடிந்தால் மீட்க வாய்ப்பு உண்டு. அழைத்த கையோடு வங்கியிடமும் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். வங்கியில் பதிவான கைபேசி எண் பழையதாக இருந்தால் எச்சரிக்கை எஸ்எம்எஸ் வராது. அப்பாவின் எண் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

வங்கி மறுத்தாலோ 30 நாள் பதில் சொல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆனால் வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுத்த ஆதாரம் இல்லாவிட்டால் ஆரம்பத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிளை மேலாளரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. "எனக்கு ஏன் கடன் தரவில்லை" என்பது போன்ற வங்கியின் வணிக முடிவுகளையும் அங்கே எடுத்துக்கொள்வதில்லை.

பெரியவர்களின் பணம் சத்தமில்லாமல் கரையும் இன்னொரு இடம், வங்கிக்குள்ளேயே விற்கப்படும் காப்பீட்டுப் பாலிசி. எஃப்டி புதுப்பிக்கப் போகிறவரிடம் "இதைவிட நல்ல திட்டம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். ஓராண்டு கழித்து இரண்டாவது தவணை கேட்டு எஸ்எம்எஸ் வரும்போதுதான், மூன்று லட்சம் ஒருமுறை போட்ட வைப்பு அல்ல, பத்து ஆண்டுகள் கட்ட வேண்டிய ஆண்டு பிரீமியம் என்று தெரியும். பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் காரணம் எதுவுமின்றித் திருப்பித் தரலாம். முத்திரைத்தாள், மருத்துவப் பரிசோதனை, அந்தச் சில நாட்களின் காப்பீட்டுச் செலவு ஆகியவை மட்டும் கழியும். அந்த 30 நாள் போனால் சண்டை கடினமாகிவிடும். பாலிசி தருவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு அழைப்பு வரும். அதில் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்று சொன்ன குரல் பதிவைத்தான் நிறுவனம் பின்னால் எடுத்துக் காட்டும். எனவே வங்கியில் எந்தத் தாளில் "பிரீமியம்" என்ற சொல் இருந்தாலும் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வரும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். நிறுவனத்திடம் தீர்வு கிடைக்காவிட்டால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம்.

கடன் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் முதல் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தந்தாக வேண்டும். வட்டியோடு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதமின்றி வசூலிக்கக் கூடாது. வீட்டுக் கடன் முடிந்த 30 நாட்களுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தராமல் வங்கி தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

இனி ஆய்வறிக்கைகள். அவற்றால் என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். செபி 2023 ஜனவரியில் ஓர் ஆய்வு வெளியிட்டது: 2021-22 நிதியாண்டில் பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ என்ற முன்பேர ஒப்பந்த வணிகம் செய்த தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நட்டம். அதன் பிறகு, தரகர்களின் செயலிக்குள் நுழையும்போதே இந்த உண்மையைக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. 2024 செப்டம்பரில் மூன்றாண்டுகளுக்கான பெரிய ஆய்வு வந்தது: ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93% பேர் இழந்திருந்தார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடிக்கு மேல். அதாவது அந்த ஆண்டுகளில் எச்சரிக்கைப் பலகை வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. அடுத்த மாதமே செபி ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சமாக உயர்த்தியது. வாரந்தோறும் முடியும் ஒப்பந்தங்களை ஒரு பங்குச் சந்தைக்கு ஒரே பங்குக் குறியீட்டில் மட்டும் என்று குறைத்தது. 2025 ஜூலையில் வந்த அடுத்த கணக்கில் 2024-25-க்கான நட்டக்காரர்கள் 91%. புதிய கட்டுப்பாடுகள் அந்த ஆண்டின் பின்பாதியில்தான் வந்தன என்பதால் இதை வைத்து அவை தோற்றன என்றோ வென்றன என்றோ முடிவு கட்டக் கூடாது. இழப்பை எண்ணிப் பார்க்காத வரையில் ஒழுங்குமுறையாளருக்கு எங்கே கை வைப்பது என்றே தெரியாது. எண்ணிய பிறகு தைரியமாகக் கை வைக்கலாம். ஆய்வின் பயன் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான். கடன் செயலிகளிலும் அப்படியே நடந்தது. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021-ல் சுமார் 1,100 கடன் செயலிகளைப் பார்த்து அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. அடுத்த ஆண்டு வந்த விதிகள் கைபேசியின் தொடர்பு எண்களை அவை தொடக் கூடாது என்றும், கடன் பணம் நேரே கடன் வாங்கியவர் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்றும் சொல்லின.

உறுதியில்லாத ஒன்று, "மக்களுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும்" என்ற வாதம். 2014-ல் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பண விஷயத்தில் மக்கள் ஆளுக்கு ஆள் வேறுபட்டு நடப்பதில் நிதிக் கல்வியால் விளக்க முடிந்த பங்கு 0.1% மட்டுமே என்றார்கள். 2022-ல் 76 சோதனை ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், அப்படியில்லை, தெளிவான பயன் உண்டு என்றார்கள். என் மதிப்பீட்டில் முதல் குழு சொன்ன ஒரு விஷயம் இன்னும் நிற்கிறது: கற்றது நாளாக ஆக மங்கிவிடும், முடிவெடுக்கும் நேரத்துக்கு அருகில் சொன்னதே வேலை செய்யும். அதனால்தான் அப்பாவுக்கு எல்லாவற்றையும் பாடமாகச் சொல்வதைவிட, எஃப்டி முதிரும் தேதிக்கு முந்தின வாரம் நீங்கள் அவரோடு உட்கார்வது மேல் என்று நினைக்கிறேன்.

அந்த 18 லட்சத்தை இன்றே உடைக்க வேண்டாம். முன்கூட்டியே முடித்தால் வட்டியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று ரசீதின் பின்பக்கத்தில் இருக்கும்; மூன்றில் எது முதலில் முதிர்கிறதோ அதை அப்போது எடுத்து வேறு வங்கிக்கு மாற்றுங்கள். அடுத்தது நெடுநாள் கழித்து முதிர்வதாக இருந்தால் மட்டும் அபராதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது சிறிய தொகையாகவே இருக்கும். இதற்கிடையில் வங்கி ரிசர்வ் வங்கியின் தடைக்குள் போய்விட்டால், பணம் வேண்டும் என்ற விருப்பக் கடிதத்தையும் வேறு வங்கியில் உள்ள கணக்கு விவரத்தையும் முதல் 45 நாள் பட்டியலில் சேரும்படி கொடுத்துவிட வேண்டும். அப்பாவுக்கு வேறு வங்கிக் கணக்கே இல்லை என்றால் முதலில் அதைத் திறந்து வையுங்கள்.